மாலத்தீவில் ஐந்து இரவு: அறையைத் தேடும் முன் படகைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் கணவரும், 6 வயது மகள், 67 வயது அம்மா என நான்கு பேர். பள்ளிக் கோடை விடுமுறையில் ஐந்து இரவு மாலத்தீவு. லட்சங்களை விழுங்கும் ரிசார்ட் வேண்டாம். அம்மாவுக்கு மூட்டுவலி, சைவச் சாப்பாடு. மே மாதம் போகலாமா, எந்தத் தீவில் எந்த ஹோட்டல் நல்லது? கேள்வி ஹோட்டலில் முடிகிறது. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு முதலில் விடை தெரிய வேண்டியது வேறு ஒன்று: விமானம் இறங்கிய பிறகு இந்த நான்கு பேரும் எந்தப் படகில், எத்தனை மணிக்கு, என்ன செலவில் அந்த ஹோட்டல் வாசலுக்குப் போய்ச் சேர்வீர்கள்? மாலத்தீவுப் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. அறை எப்போதும் கிடைக்கும், படகுதான் நமக்காகக் காத்திராது.

வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடலில் 26 பவளத்தீவு வளையங்கள், அவற்றில் ஏறக்குறைய 1,200 சிறு தீவுகள். மக்கள் குடியிருப்பவை அவற்றில் 200க்குள். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்று சொல்வது இந்தத் தீவுகளைத்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து தலைநகர் மாலேவுக்கும், கடலை மேடாக்கி உருவாக்கிய ஹுல்ஹுமாலேவுக்கும் தரைவழி உண்டு. மாலேவை இணைக்கும் பாலம் 2018ல்தான் திறந்தது. மற்ற எங்கு போவதானாலும் படகு அல்லது சிறு விமானம். தங்குமிடங்கள் இரண்டு வகை: ஒரு தீவு முழுவதும் ஒரே ரிசார்ட் என்பது ஒன்று. ஊர்மக்கள் வாழும் தீவில் விருந்தினர் விடுதி என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகை 2009க்குப் பிறகு அரசு அனுமதித்ததால் வளர்ந்தது. உங்கள் பட்ஜெட்டுக்கு இதுதான் சரியான வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊர்த்தீவுகளுக்குப் போக மூன்று வழிகள். முதலாவது, பலரும் சேர்ந்து போகும் விரைவுப் படகு, அதாவது ஷேர்டு ஸ்பீட்போட். 20, 30 பேர் உட்காரும் மூடிய படகு, நேர அட்டவணைப்படி கிளம்பும். பக்கத்துத் தீவுகளுக்கு ஒருவருக்கு ஒருவழிக் கட்டணம் சுமார் 25 டாலர், தூரத் தீவுகளுக்கு 50, 60 டாலர் வரை போகும். இரண்டாவது, மெதுவாகப் போகும் பொதுப் படகு. அங்கே அதற்குப் பெயரே தோணிதான், நம் சொல்லேதான். கட்டணம் சில டாலர்கள் மட்டுமே. ஆனால் விமான நிலையத்திலிருந்து கிளம்பாது, மாலே போய்ப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ நடைதான், வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. மூன்றாவது, அரசு நிறுவனமான எம்டிசிசி நடத்தும் ஆர்டிஎல் என்ற அதிவேகப் பயணிகள் படகு. விலை இரண்டுக்கும் இடைப்பட்டது. தனியாக முதுகுப்பையோடு போகிறவருக்குத் தோணி அருமையான வழி. மூட்டுவலி உள்ள அம்மாவையும் குழந்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு டாக்சி பிடித்து மாலே போய், துறை மாறி, ஒன்றரை மணி நேரம் தோணியில் போவது மிச்சப்படும் காசுக்குத் தகாது. நீங்கள் விரைவுப் படகையே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நேரம்தான் எல்லாம். பெரிய ஊர்த்தீவான மாஃபுஷிக்கு நாள் முழுக்கப் பல நடைகள் உண்டு. சிறு தீவுகளுக்கு இரண்டு மூன்று நடைதான், மாலையோடு முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு இறங்கும் விமானத்தில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, கடைசிப் படகைத் தவறவிட்டு, தனிப் படகு கேட்டால் அதற்கே சில நூறு டாலர் போய்விடும். அதனால் மதியத்துக்கு முன், தப்பினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இறங்கிய பின் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் வையுங்கள், கூட்டமென்றால் ஒன்றரை. இரவு விமானம்தான் கிடைக்கிறதென்றால் முதல் இரவை ஹுல்ஹுமாலேயில் கழித்துவிட்டுக் காலைப் படகில் போங்கள். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் சில நிமிடம்தான். ரிசார்ட் பக்கம் மனம் மாறினாலும் இதே கணக்கு உண்டு: கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு இறங்கினால் அன்று அதைப் பிடிப்பது கடினம். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதும் அங்கே வழக்கமான வரம்பு.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தத் திட்டத்தை வடிவமைக்க வேண்டியது அவருடைய முழங்கால்தான். விரைவுப் படகு அலைமேல் ஏறி ஏறித் தட்டிக்கொண்டு போகும். முன் வரிசையில் அந்தத் தட்டல் முதுகெலும்பு வரை ஏறும், பின் வரிசையில், என்ஜினுக்கு அருகில், பாதிகூட இருக்காது. ஏறியதும் பின் இருக்கையைப் பிடியுங்கள், வெட்கப்படாமல் படகுக்காரரிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். படகில் ஏறுவதும் இறங்குவதும்தான் உண்மையான சிக்கல். துறையின் மேடை அசையாது, படகு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நீர் ஏற்றவற்றத்தைப் பொறுத்து இரண்டுக்கும் நடுவே ஒரு அடி உயர வித்தியாசம் வரலாம். படகு மேலெழுந்து மேடைக்குச் சமமாக வரும் கணத்தில் கால் எடுத்து வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒருவர் கை பிடிக்க வேண்டும், கையில் பை எதுவும் இருக்கக் கூடாது. செருப்பு நழுவாத பட்டை வைத்ததாக இருக்கட்டும். வாந்தி மயக்கம் வருபவர்கள் மாத்திரையைப் படகு கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், கிளம்பிய பிறகு போட்டால் பயனில்லை. அம்மா ரத்த அழுத்தத்துக்கோ கண் அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவரானால் அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதமா என்ற கேள்விக்கு: முடிந்தால் ஏப்ரல் பின்பாதிக்கு மாற்றுங்கள். நம் கடற்கரையில் வாடை என்றும் கச்சான் என்றும் சொல்கிற அதே இரு காற்றுகள்தான் அங்கும் ஆட்சி செய்கின்றன. வடகிழக்குக் காற்றுக் காலம், அவர்கள் இருவாய் என்பது, ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. வானம் தெளிவு, கடல் அமைதி. தென்மேற்குக் காற்றுக் காலம் மே மாதத்தில் தொடங்கும். அதன் தொடக்கம்தான் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் நேரம், படகுகள் தாமதமாவதும் ரத்தாவதும் அப்போதுதான் அதிகம். ஏப்ரலில் வெயில் கொளுத்தும், 31, 32 டிகிரியோடு ஈரப்பதம் சேரும், ஆனால் கடல் பல நாள் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும். அம்மாவுக்கு அதுதான் முக்கியம். இது பருவத்தின் பொதுப்போக்கு மட்டுமே. குறிப்பிட்ட ஒரு வாரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிப்ரவரியில் மூன்று நாள் மழை பெய்வதும் உண்டு, ஜூனில் ஐந்து நாளும் வெயில் அடிப்பதும் உண்டு. மே மாதம்தான் முடியுமென்றால் முதல் வாரத்துக்குள் வைத்துக்கொண்டு, படகுப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் தீவாக மட்டும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் தீவுப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். வடமாலே, தென்மாலே வளையங்கள், அதாவது காஃபு பகுதி. மாஃபுஷி, தெற்கே சுமார் 27 கிலோமீட்டர், 30 முதல் 45 நிமிடம். விடுதிகள் ஏராளம், உணவகங்கள் ஏராளம், சுற்றுலாப் படகுகளும் அங்கேதான் மலிவு. ஆனால் கூட்டமும் அங்கேதான். விடுதி மாடிகள் கடலை நெருக்கிக்கொண்டு நிற்கும். திஃபுஷி, வடமாலே வளையத்தின் கிழக்கு ஓரம், முக்கால் மணி நேரத்துக்குள். சின்னத் தீவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அம்மாவே மெதுவாக நடந்துவிடலாம், ஆழமற்ற வெளிர்நீலக் கடல் குழந்தைக்கு ஏற்றது. துலுஸ்தூ அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்களின் தீவு, கடல் பக்கம் அலை பலமாக இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு நான் திஃபுஷியை முதலிலும் மாஃபுஷியை அடுத்தும் வைப்பேன். சைவச் சாப்பாட்டுக்குக் கடைகள் பல வேண்டும் என்று அம்மா சொன்னால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். படங்களில் மயக்கும் திகுரா அழகான தீவுதான், மூன்று கிலோமீட்டர் நீள வெண்மணல். ஆனால் தென் ஆரி வளையம், திறந்த கடலைக் கடந்து இரண்டு மணி நேரம். அது நீங்கள் இருவர் மட்டும் போகும் பயணத்துக்கு இருக்கட்டும். ஐந்து இரவில் இரண்டு தீவு, மூன்று தீவு என்று மாறவும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளையும் இரண்டு படகுக் கட்டணத்தையும் தின்னும்.

இப்போது பணம். விடுதித் தளங்களில் தெரியும் விலையோடு மூன்று சேரும்: 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன்மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி, பிறகு பசுமை வரி. ஜி.எஸ்.டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து ஊர்த்தீவில் 50 அறைகள் வரை உள்ள விடுதிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர், ரிசார்ட்டுகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கிடையாது, உங்கள் மகளுக்கு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி சேராமல் 60 டாலர் என்று போட்டிருக்கும் அறை இரண்டு எடுக்கிறீர்கள். ஓர் இரவுக்கு 120. சேவைக் கட்டணம் சேர்த்து 132. ஜி.எஸ்.டி சேர்த்து 154.44. ஐந்து இரவுக்கு 772.20. நான்கு பேருக்கு ஐந்து நாள் பசுமை வரி 120. மொத்தம் 892.20. நீங்கள் 600 என்று மனதில் வைத்திருந்த தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. படகுக்குப் போக வர 200 டாலர் தனி, குழந்தைக்குப் பாதிக் கட்டணம் இருந்தால் கொஞ்சம் குறையும். சில தளங்கள் வரியைச் சேர்த்தே விலை காட்டும், சில பசுமை வரியை மட்டும் விடுதியில் கட்டச் சொல்லும். அதனால் விலையைப் பார்த்து ஒப்பிடாதீர்கள், கடைசித் தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள். விமானச் சீட்டு இவ்வளவு குறைந்த தூரத்துக்கு ஏன் இந்த விலை என்று தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு: 2024 டிசம்பரிலிருந்து சாதாரண வகுப்பில் திரும்பும் வெளிநாட்டவருக்குப் புறப்பாட்டு வரி 50, விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம் 50, ஆக 100 டாலர் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

ஆவணம் எளிது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். பிற நாட்டவரில் பெரும்பாலோருக்கு 30 நாள் அனுமதி இறங்கியதும் இலவசம். திரும்பும் சீட்டும், முதல் இரவிலிருந்தே உறுதியான தங்குமிட முன்பதிவும் காட்டச் சொல்வார்கள், இரண்டையும் தாளில் அச்சிட்டு வையுங்கள். இமுகா என்ற பயணி அறிவிப்பு ஒன்று உண்டு. போவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஒருமுறை, திரும்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஒருமுறை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, குழந்தைக்கும் சேர்த்து இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். தேடும்போது பணம் கேட்கும் தளங்கள் மேலே வரும், அவை இடைத்தரகர்கள். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

சுங்கத்தில் நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் தெரியாமல்தான். மது ஒரு துளிகூடக் கொண்டு போகக் கூடாது, விமான நிலையத் தீர்வையற்ற கடையில் வாங்கிய பாட்டிலும் சேர்த்து. எக்ஸ்ரேயில் தெரிந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது பெறலாம். பன்றி இறைச்சிப் பொருள் கூடாது. வழிபாட்டுக்கான சிலைகளும் தடை செய்யப்பட்டவை. அம்மா கைப்பையில் சின்னப் பிள்ளையாரோ முருகனோ வைத்திருப்பது வழக்கமென்றால் வீட்டிலேயே விட்டு வரச் சொல்லுங்கள். நாட்டின் சட்டமே அப்படி, அங்கே நின்று வாதிடுவதற்கு ஒன்றுமில்லை. மின்சிகரெட் கொண்டு போவது 2024 நவம்பரிலிருந்து தடை. 2007 ஜனவரி முதல் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் புகையிலை பயன்படுத்துவதே 2025 நவம்பரிலிருந்து சட்டவிரோதம், வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். பொடி, ஊறுகாய், பொரிகடலை போன்ற பொட்டலமிட்ட உலர் உணவுகளை எடுத்துப் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். திரும்பும்போது கரையில் பொறுக்கிய பவளத் துண்டையோ ஆமையோட்டுப் பொருளையோ மகளின் பைக்குள் போட்டுவிடாதீர்கள். பவளமும் ஆமையோடும் நாட்டைவிட்டு வெளியே போகத் தடை.

சாப்பாடு பற்றி அம்மாவிடம் முன்பே பேசிவிடுங்கள். மாலத்தீவில் காய்கறிக் குழம்பு என்று கேட்டாலும் அதில் மீன் இருக்கக்கூடும். மஸ் என்றால் அவர்கள் மொழியில் மீன். காலை உணவான மஸ் ஹுனி, தேங்காய்த் துருவலும் சூரை மீன் துருவலும் வெங்காயமும் பிசைந்தது. நாம் மாசிக் கருவாடு என்று சொல்லும் அதே பொருள் அந்த நாட்டுச் சமையலின் அடிநாதம், மாசி என்பதே அங்கிருந்து வந்த சரக்கு. துவையலிலும் கீரையிலும்கூடத் துருவிப் போடுவார்கள். அவர்கள் கணக்கில் அது சுவையூட்டி, நம் அம்மா கணக்கில் மீன். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லாமல் ‘மீன் வேண்டாம், மாசித் தூளும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ரொஷி என்ற மெல்லிய ரொட்டி, பருப்பு, முட்டை சேர்ப்பவரானால் முட்டை, சாதம், தேங்காய், பப்பாளி, தர்பூசணி எங்கும் கிடைக்கும். விடுதிச் சமையலறைகளில் இலங்கை, இந்திய, வங்கதேசச் சமையல்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முந்தின நாளே சொன்னால் சாம்பார்கூட வைத்துத் தருகிற விடுதிகள் உண்டு. முன்பதிவுக்கு முன்பே செய்தி அனுப்பிக் கேட்டு, பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ரமலான் மாதத்தில் ஊர்த்தீவுகளில் பகல் உணவகங்கள் மூடியிருக்கும். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னகரும், 2027ல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தையொட்டித் தொடங்கும். ஏப்ரல், மே பயணத்துக்கு இப்போதைக்கு இடைஞ்சல் இல்லை.

ஊர்த்தீவு முழு முஸ்லிம் ஊர். தோளும் முழங்காலும் மூடிய உடை தெருவில் போதும், நம் அன்றாட உடையே பொருந்தும். நீச்சலுடை, அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும், அதற்கு பிகினி பீச் என்றே பலகை இருக்கும். டி-ஷர்ட், லெகிங்ஸ் போட்டுக் குளிப்பதானால் எந்தக் கரையிலும் குளிக்கலாம். ஆனால் பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் கனத்து இழுக்கும். உடலோடு ஒட்டும் முழுக்கை நைலான் சட்டை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். மாலே பூமத்தியக் கோட்டிலிருந்து 4 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. முகத்தை நீருக்குள் வைத்து மிதக்கும்போது முதுகும் கெண்டைக்கால் பின்புறமும் அரை மணியில் வெந்துவிடும், மேகம் இருந்தாலும். சட்டை மூடாத இடத்துக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு போதும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும், படகு அட்டவணையும் அன்று வேறாக இருக்கும். வந்து சேரும் நாளாகவோ கிளம்பும் நாளாகவோ வெள்ளியை வைக்காதீர்கள்.

கடலுக்குள் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே நடக்கும் விபத்துகளில் மிதவை நீச்சலின்போது, அதாவது ஸ்நார்க்கெலிங்கின்போது நடப்பவை கணிசமானவை, பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவை. ஒரு தீவைச் சுற்றி முதலில் ஆழமற்ற மணல்நீர் இருக்கும், பிறகு பவளப் பார், அதன் விளிம்பில் கடல் சட்டென்று செங்குத்தாக ஆழமாகும். மீன்கள் எல்லாம் அந்த விளிம்பில்தான். நீரோட்டமும் அங்கேதான். இரண்டு பார்களுக்கு நடுவே உள்ள வாய்க்காலை அவர்கள் கந்து என்பார்கள். அதன் அருகே நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துப் போகும். இறங்குமுன் வழிகாட்டியிடம் கேளுங்கள்: இன்று நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும்? இழுத்துப் போனால் எதிர்த்து நீந்தாமல், பாரின் விளிம்பை ஒட்டியே பக்கவாட்டில் கரையை நோக்கி நகருங்கள், கையை உயர்த்துங்கள். மகளுக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டை படகில் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். பெரியவர்களுக்கானதைக் கட்டிவிட்டால் நீரில் அது மேலே ஏறி முகத்தை மூடும். முகக் கண்ணாடியை ஊரிலேயே வாங்கி விடுங்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக உள்ளிழுத்துக் கையை எடுத்தால், கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அந்தக் கண்ணாடிக்குள் நீர் புகாது. புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினால் பனிமூட்டம் குறையும். முகம் முழுவதையும் மூடும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை, அவசரத்தில் கழற்றுவது கடினம். நீந்தத் தெரியாத அம்மா இடுப்பளவு நீரில் மணலில் நின்று பார்த்தாலே குட்டிச் சுறாவும் திருக்கையும் கடந்து போகும், அவை தாமாக வந்து தாக்காது. ஆனால் பவளப் பாறைமேல் மட்டும் கால் வைக்கக் கூடாது. பவளம் உடையும், மறைந்திருக்கும் கல்மீன் முள் ஏறினால் வலி தாங்காது. அப்படி நேர்ந்தால் பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் காலை அரை மணிக்கு மேல் வைத்துக்கொண்டே சுகாதார மையத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.

பவளத்தின் நிறத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1998, 2016, 2024 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பல இடங்களில் பார் இன்று சாம்பலும் பழுப்பும்தான். விளம்பரப் படத்தின் வண்ணத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், மீன்களையும் ஆமைகளையும் எதிர்பார்த்துப் போங்கள், அவை இருக்கின்றன. பா என்ற வளையத்தில் ஹனிஃபாரு என்ற குடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாகத் திரள்வது ஜூன் முதல் நவம்பர் வரை. தென்மேற்குக் காற்றில் மிதவை உயிரிகள் அங்கே வந்து சேர்வதுதான் காரணம். ஏப்ரலில் அதற்காகப் போவது வீண். திமிங்கலச் சுறா தென் ஆரியில் ஆண்டு முழுதும் உண்டு, ஆனால் எந்த நாளிலும் கண்ணில் படாமல் போகலாம். செவிலிச் சுறாவுக்குத் தீனி போட்டுக் கூட்டம் சேர்க்கும் உலாக்களை விற்பார்கள், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மனிதக் கையைத் தீனியோடு சேர்த்துப் பழக்குவது அந்த உயிருக்கும் நல்லதல்ல, அடுத்து இறங்கும் குழந்தைக்கும் நல்லதல்ல. கணவர் ஸ்கூபா முயல்வதானால் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விடட்டும்.

அம்மாவின் மாத்திரைகளை அசல் அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள், பயண நாட்களைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே. ஊர்த்தீவுகளில் சுகாதார மையம் உண்டு, அடிப்படைச் சிகிச்சை கிடைக்கும். இதயம், எலும்பு என்றால் மாலேயின் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ படகில்தான் போக வேண்டும். அவசரப் படகுச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். 67 வயதுக்கு, முன்பே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதி எடுங்கள், மறைத்தால் பணம் கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டுவார்கள். டெங்கு உண்டு, கொசு விரட்டி தேவை. குழாய் நீரைக் குடிக்காமல் பாட்டில் நீர் வாங்குங்கள். பிளக், மூன்று தட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை. சிம் விமான நிலையத்திலேயே கிடைக்கும், திராகு, ஊரிடூ என்று இரண்டு நிறுவனங்கள். பணத்தை டாலராக, சிறு தாள்களாக, கிழிசல் இல்லாமல் கொண்டு போங்கள். ருஃபியா ஒரு டாலருக்கு ஏறக்குறைய 15.4, கடைச் சில்லறைக்குக் கொஞ்சம் போதும், மீந்தால் வெளிநாட்டில் மாற்ற முடியாது.

முன்பதிவின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பகலில் இறங்கிப் பிற்பகலில் கிளம்பும் விமான நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வாங்கிவிடாதீர்கள். திஃபுஷியில் இரண்டு, மாஃபுஷியில் இரண்டு விடுதிகளுக்கு அந்த நேரங்களோடு ஒரே செய்தியை அனுப்புங்கள்: இந்த நேரத்துக்கு எந்தப் படகு, கடைசிப் படகு எப்போது, விமானம் தாமதமானால் என்ன செய்வீர்கள், தரைத்தளத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகள் உண்டா, மீனும் மாசியும் இல்லாத உணவு தர முடியுமா, எல்லா வரியும் சேர்த்து நான்கு பேருக்கு மொத்தம் எவ்வளவு. தரைத்தளம் முக்கியம், பல விடுதிகளில் மின்தூக்கி கிடையாது. தெளிவாகப் பதில் தரும் விடுதியைத் தேர்ந்து, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு அறையை எடுத்த பிறகு விமானச் சீட்டு வாங்குங்கள். படகை விடுதி வழியாகவே பதிவு செய்தால் விமானம் தாமதமானாலும் அவர்கள் அடுத்த நடைக்கு மாற்றிவிடுவார்கள். திரும்பும் நாளில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது விமான நிலையத் துறையில் இறங்கும் படகைப் பிடியுங்கள். முந்தின மாலை காற்று பலமாக இருந்தால் அதற்கு முந்தைய நடைக்கே மாறிவிடுங்கள். உங்கள் விமானம் காலை ஒன்பதுக்குள் கிளம்புவதானால் ஐந்தாவது இரவைத் தீவில் வைக்காமல், மாலையிலேயே கிளம்பி ஹுல்ஹுமாலேயில் படுத்துக்கொள்ளுங்கள்.